அங்கவடியில் கால் வைத்ததும் நகர்ந்துவிடும் குதிரை

கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 43. ஒன்பது ஆண்டுகள் ஒரே பெண் குதிரையில் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் சவாரி செய்தவள். சென்ற ஆண்டு, அருகில் ஒரு செம்பனை மட்டை விழுந்த சத்தத்தில் அவள் மிரண்டு ஓடினாள். நான் கீழே விழுந்து இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. இடது மணிக்கட்டும் உடைந்தது. நான் படுக்கையில் கிடந்தபோது வீட்டார் அவளை விற்றுவிட்டார்கள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு மருத்துவர் சவாரிக்கு அனுமதி தந்ததும், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற எட்டு வயது ஆண் குதிரை ஒன்றை ஈப்போவிலிருந்து வாங்கி வேலன் என்று பெயரிட்டேன். மூன்று மாதங்களாகின்றன. அங்கவடியில் கால் வைத்ததும் நகர்ந்துவிடுகிறான். லகானை இழுத்தால் வேகம் கூடுகிறது. எப்போதும் வலப்பக்கமாகவே சாய்ந்து போகிறான். மட்டைக் குவியலைக் கண்டால் நாங்கள் இருவருமே உறைந்து நிற்கிறோம். "பிரம்பை எடு, யார் எஜமான் என்று அப்போதுதான் அதற்குத் தெரியும்" என்கிறார் என் அண்ணன். வேலனுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ? விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். விற்க வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. பிரம்பும் வேண்டாம். அடுத்த ஆறு வாரங்களுக்கு, இன்று எவ்வளவு தூரம் சவாரி போனோம் என்ற கணக்கையும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளில் ஒன்றில்கூட வெறுப்பின் அடையாளம் எனக்குத் தென்படவில்லை. உங்கள் கையும் இடுப்பும் மூச்சும் சொல்வதை, தனக்குக் கற்பிக்கப்பட்ட முறைப்படி, வேலன் பெரும்பாலும் சரியாகவே படிக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சொல்ல நினைப்பது ஒன்றாகவும் உங்கள் உடல் சொல்வது இன்னொன்றாகவும் இருக்கிறது. அந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்பதைத்தான் இந்தப் பதிலில் எழுதுகிறேன்.

முதலில் அவன் படித்த பாடத்தைப் பார்ப்போம். என் தந்தையார் ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். விடிவதற்கு முன்பே லாயத்துக்குப் போய்விடுவார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் கூடப் போவேன். அங்கே ஒரு குதிரை அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொண்டதை நான் பார்த்தது அரிது. சைஸ் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் சவாரிக்காரரின் காலைப் பிடித்து ஒரே வீச்சில் தூக்கிவிட, அவர் நடந்துகொண்டிருக்கும் குதிரையின் முதுகில் போய் அமர்வார். பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுகின்றன. முதுகில் எடை ஏறினால் நடக்க வேண்டும் என்பது வேலனுக்குப் பல ஆண்டுகள் நாள்தோறும் சொல்லித்தரப்பட்ட பாடம். உங்கள் இடது கால் அங்கவடியில் அழுந்தியதும் அவன் அதை ஒப்பிக்கிறான்.

லகானின் கதையும் அதுவே. ஜாக்கி லகானைக் குறுக்கிப் பிடித்து, பிடரியின் மேல் கைகளை ஊன்றி, முன்னால் குனிந்தால், குதிரை அந்தப் பிடிமானத்தில் சாய்ந்துகொண்டு எட்டி எட்டி ஓடும். பிடி தளரும்போதுதான் ஓட்டம் முடிந்தது என்று அதற்குப் புரியும். ஜாக்கியின் அங்கவடி மிகக் குட்டையாக இருப்பதால், வயிற்றின் இருபுறமும் ஒரு மனிதரின் கால்கள் தொங்குவதும் அணைப்பதும் அதற்குப் பழக்கமில்லை. இனி, ஒருமுறை விழுந்து எலும்பை முறித்துக்கொண்டவர் மறுபடி முதுகில் ஏறியதும் தம்மையறியாமல் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். லகானைக் குறுக்குவார், கெண்டைக்காலால் இறுக்குவார், உடலைச் சுருட்டி முன்னால் குனிவார். பயந்த மனிதரின் உடல்நிலையும் முழு வேகத்தில் ஓடச் சொல்லும் ஜாக்கியின் உடல்நிலையும் ஒரு பந்தயக் குதிரையின் முதுகில் ஏறத்தாழ ஒன்றுபோலவே பதிகின்றன. நீங்கள் "நில், நில்" என்று மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கும் அதே நொடியில் உங்கள் உடல் "ஓடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் கீழ்ப்படிகிறான், உங்கள் பயம் கூடுகிறது, நீங்கள் இன்னும் குனிகிறீர்கள். இந்தச் சுழலைப் பிரம்பால் அறுக்க முடியாது.

ஆனால் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பந்தயப் பயிற்சியில் இருந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பையில் புண் இருக்கும். குதிரையின் இரைப்பை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓயாமல் அமிலம் சுரப்பது. தானியத்தை அள்ளிக் கொடுத்து, புல்லைக் குறைத்து, மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு கட்டி வைத்தால் புண் வராமல் என்ன செய்யும்? சேண வாரை இறுக்கும்போது காதை மடக்குகிறானா, கடிக்கத் திரும்புகிறானா என்று கவனியுங்கள். கால்நடை மருத்துவரை அழைத்து இரைப்பை, முதுகு, பற்கள், குளம்புகள் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன் 2018இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். காதைத் தொடர்ந்து பின்னால் மடக்குவது, வாயைத் திறப்பது, வாலை அடிப்பது, தலையைக் கோணலாகப் பிடிப்பது என்று சவாரியின்போது தெரியக்கூடிய 24 நடத்தைகள் அதில் உள்ளன. எட்டோ அதற்கு மேலோ ஒரு குதிரையிடம் காணப்பட்டால், எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவருடைய முடிவு. நாம் முரட்டுத்தனம் என்று பெயர் சூட்டும் பலவும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்தால் மனம் கனக்கும். சேணத்தையும் சோதிக்க வேண்டும். பந்தயத்தை விட்டு வந்த குதிரையின் முதுகுத் தசை சில மாதங்களிலேயே வடிவம் மாறும்; வாங்கிய அன்று பொருந்திய சேணம் இன்று அழுத்தலாம். உங்கள் பழைய குதிரையின் சேணத்தையே இவனுக்கும் போடுகிறீர்கள் என்றால், அதை முதலில் நிறுத்துங்கள்.

நம் நாட்டு வெப்பத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கு வரும் தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகளில் மிகப் பல ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அவற்றில் சிலவற்றுக்கு இந்த ஈரப்பதமான வெப்பத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். சிறிது நேர நடைக்கே மூச்சு வாங்குகிறது, ஆனால் தோல் உலர்ந்தே இருக்கிறது என்றால் உடனே வேலையை நிறுத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணிப் பழகுங்கள். காலை ஏழரை மணிக்குள் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது உங்கள் இருவருக்கும் நல்லது.

இனி உங்கள் உடல். மருத்துவர் அனுமதித்தார் என்றால் எலும்பு கூடிவிட்டது என்று பொருள். எலும்பு கூடுவதற்குச் சில மாதங்கள் போதும். முறிந்த பக்கத்தைத் தாங்கித் தாங்கி நடந்த பழக்கம் போவதற்கு அதைவிட அதிக காலம் ஆகும். வலப்பக்கமாகவே போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கத்து இடுப்பு முறிந்தது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மணிக்கட்டு இடது என்பதால், விழுந்ததும் இடப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்களுக்கே தெரியாமல் இடது இடுப்பைக் காப்பாற்றி, வலது பிட்டத்தில் எடையை வைத்து அமர்கிறீர்கள். குதிரை தன் முதுகில் எடை சாயும் பக்கமாகக் காலை எடுத்து வைக்கும். தலையில் குடம் சாய்ந்தால் நாம் அந்தப் பக்கம் ஓர் அடி வைப்பதைப்போல. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எடை பார்க்கும் கருவிகள் இரண்டை அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இயல்பாக நில்லுங்கள். சமமாக நிற்பதாக நீங்கள் உணரும் நேரத்தில் வேறொருவர் இரண்டு எண்களையும் படித்துக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, மறுபக்க இடுப்பு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அந்த எண்களோடு இயன்முறை மருத்துவரிடம் போய், "நான் குதிரை ஏற வேண்டும், இந்தப் பக்கத்துக்கு வலு வேண்டும்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நடப்பதற்கான பயிற்சியும் சவாரிக்கான பயிற்சியும் வேறு வேறு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பத்திரண்டு வயதில் என் காறையெலும்பு முறிந்தது. ஐந்தாவது வாரமே, தோளைச் சரியாக உயர்த்த முடியாத நிலையில், ஓர் இளம் குதிரையைப் பழக்கப் போனேன். இடது கை வலிக்குப் பயந்து கட்டையாகப் பிடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மாதங்களில் அந்தக் குதிரை இடப்பக்கம் திரும்பவே மறுத்தது. அது பிடிவாதக் குதிரை என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். பிறகு என் தந்தையார் ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "குதிரை நேராகத்தான் இருக்கிறது, நீதான் கோணலாக இருக்கிறாய்" என்றார். என் அவசரத்துக்கு அந்த உயிர் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது. இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

உடல் முழுமையாகப் பழைய நிலைக்கு வராமலே போனாலும் கூட்டணி அமையும். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. கணுக்காலால் குதிரைக்குக் குறிப்புக் கொடுக்க முடியாத அவர், தம் எடையின் சிறு மாற்றத்தையும் முதுகின் அசைவையும் ஜூபிலி என்ற தம் குதிரைக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். பெண்களும் ஆண்களோடு டிரஸ்ஸாஜ் எனும் நுட்பமான குதிரை நடைப் போட்டியில் கலந்துகொள்ள முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் ஸ்டாக்ஹோமில் மறுபடியும் வெள்ளி. பதக்கத்தைக் காட்டி உங்களுக்கு ஊக்கம் தருவது என் நோக்கமில்லை. அவருடைய குறிப்புகள் புதியவை, ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோலவே இருந்தன; அதனால் ஜூபிலி அவற்றைக் கற்றது. உங்கள் இடது கால் வலதைவிடச் சற்று மெதுவாகச் சொல்கிறது என்றால், அதுவும் வேலன் கற்கக்கூடிய ஒன்றே. இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம் என்று மாறினால்தான் அவன் குழம்புவான்.

முதல் இரண்டு வாரங்கள் தரையில் நின்றே வேலை செய்யுங்கள். பிடிகயிற்றை மெல்ல முன்னோக்கி அழுத்தினால் ஓரடி வர வேண்டும். பின்னோக்கி அழுத்தினால் நிற்க வேண்டும், அல்லது ஓரடி பின்வாங்க வேண்டும். அவன் காலை எடுக்கத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே அழுத்தத்தை முற்றிலும் விட்டுவிடுங்கள். குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை. அது நீங்கும் கணத்தால் கற்கிறது. ஒரு நொடி தாமதித்து விட்டால் அது வேறெதையோ கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு சரியான பதிலுக்குப் பிறகும் பிடரிமயிர் முடிந்து சேணம் தொடங்கும் மேட்டில் விரல் நுனிகளால் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறியும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்பதை கிளாடியா ஃபேயும் அவருடைய சக ஆய்வாளரும் 1993இல் அளந்து காட்டினார்கள். கழுத்தில் படபடவென்று தட்டுவதை நம்மில் பலர் பாராட்டு என்று நினைக்கிறோம். சொறிவதையே அவன் விரும்புவான். பத்து நிமிடம் போதும். நாளுக்கு இருமுறை செய்தாலும் இருபது நிமிடம்தான்.

ஏறும் பிரச்சினைக்கு வருகிறேன். இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். தரையிலிருந்து ஏறுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். தரையிலிருந்து ஏறும்போது உங்கள் முழு எடையும் இடது காலிலும் இடது இடுப்பிலும் தொங்குகிறது. சேணம் இடப்பக்கம் இழுபட்டு, குதிரையின் தோள்மேட்டின் வலப்பக்கத்தை அழுத்துகிறது. இருவருக்கும் வலி. பலகையிலோ சிமெண்டுக் கல்லிலோ, சரியாத அடித்தளத்தோடு, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படிமேடை செய்து லாயத்துக்கு அருகிலேயே நிலையாக வையுங்கள். காலிப் பழப்பெட்டிகளை அடுக்கி ஏறாதீர்கள். அவை சரிந்தால் பாதி ஏறிய நிலையில் நீங்கள் விழுவீர்கள்.

முதல் நாள் அவனை மேடைக்கு அருகில் நடத்தி வந்து, நிறுத்தி, சொறிந்துவிட்டு, திரும்ப அழைத்துப் போய்விடுங்கள். மறுநாள் நீங்கள் மட்டும் மேடையில் ஏறி நின்று இறங்குங்கள். அவன் நகர்ந்தால் கத்த வேண்டாம். கயிற்றால் அமைதியாக அதே இடத்துக்குக் கொண்டுவந்து, நான்கு கால்களும் நின்றதும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். அடுத்து, மேடையில் நின்றபடி சேணத்தின் மேல் கைகளை ஊன்றுங்கள். அவனுடைய வலப்பக்க விலாவைத் தட்டுங்கள். பிறகு அங்கவடியில் காலை வைத்து, எடையை இரண்டு நொடி மட்டும் கொடுத்து, எடுத்துவிடுங்கள். அவன் நகர்ந்த பிறகு எடுத்தால், நகர்ந்தால் எடை போய்விடும் என்று கற்பான். அவன் நகர்வதற்கு முன்பே எடுத்தால், நின்றால் எடை போய்விடும் என்று கற்பான். ஒரே செயல், அரை நொடி வித்தியாசத்தில் நேர்மாறான இரண்டு பாடங்கள். ஆகவே எப்போதும் உங்களால் முடிந்ததைவிடச் சற்றுக் குறைவாகவே கேளுங்கள். இரண்டு நொடி நான்காகி, நான்கு பத்தாகி, ஒருநாள் வலது காலை மறுபுறம் போட்டு மெல்ல அமர்வீர்கள். அன்று நடக்கச் சொல்லாதீர்கள். இருபது வரை எண்ணுங்கள்; பக்கத்தில் நிற்பவர் கேரட் துண்டு ஒன்றைக் கொடுக்கட்டும்; மேடையிலேயே இறங்கிவிடுங்கள். அன்றைய சவாரி அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தோன்றும். பந்தயத் திடலில் பல ஆண்டுகள் கற்ற ஒன்றை அந்த இருபது எண்ணிக்கைக்குள் அவன் விட்டிருக்கிறான்.

இதே வேலையை வலப்பக்கத்திலிருந்தும் செய்யுங்கள். அவனை இதுவரை எல்லாரும் இடப்பக்கத்திலேயே கையாண்டிருப்பார்கள். வலப்பக்கம் அவனுக்குப் புதியது, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் இடது இடுப்புக்கு வலப்பக்கத்திலிருந்து ஏறுவதே ஆயுள் முழுவதற்கும் ஏற்றதாக அமையலாம். இடமிருந்துதான் ஏற வேண்டும் என்பது இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கவிட்ட படைவீரர்களின் வழக்கம். நமக்கு வாள் இல்லை.

லகானுக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. வேகம் கூடினால் இரு கைகளாலும் தொடர்ந்து இழுக்காதீர்கள். அவன் அதில் சாய்ந்துகொள்வான். ஒரு கையால் அழுத்தம் கொடுத்து உடனே தளர்த்துங்கள், மறுபடியும் அப்படியே செய்யுங்கள். கூடவே பெரிய வட்டத்தில் திருப்புங்கள். அடைத்த இடத்தில், நடையில் மட்டும், நூறு முறை நிறுத்திப் பழகிய பிறகே டிராட் எனும் துள்ளு நடையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதைவிட வேகமான கேண்டர் ஓட்டம் இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம்.

மட்டைக் குவியலைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தே நடுங்கியிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஸ்வீடனில் லிண்டா கீலிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரை ஒரே பாதையில் குதிரையை நான்கு முறை கயிற்றில் நடத்தவோ சவாரி செய்யவோ வைத்தார்கள். நான்காவது முறைக்கு முன் மட்டும், "வழியில் ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும்" என்று அவர்களிடம் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது. குதிரைகளின் துடிப்பும் ஏறியது. நடக்காத ஒன்றை எதிர்பார்த்த மனித உடல், குடையைப் பற்றி எதுவும் அறியாத குதிரைக்குள் போய்விட்டது. குவியலின் முன் வேலன் உறைவதில் அவனுடைய பயம் எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே இருவரும் முதலில் தனித்தனியாகப் பழக வேண்டும்.

நீங்கள் ஒரு மட்டையை வாங்கி, முள்ளையெல்லாம் சீவிவிட்டு, வீட்டு முற்றத்தில் போட்டு வையுங்கள். குதிரை அருகில் இல்லாத நேரத்தில் அதைத் தோளுயரம் தூக்கி நீங்களே கீழே போடுங்கள். அந்தச் சத்தம் உங்கள் கையிலிருந்து, நீங்கள் விரும்பிய நேரத்தில், திரும்பத் திரும்ப வரட்டும். விழும்போது மூச்சை வெளியே விடுங்கள். பயந்தவர் மூச்சை அடக்குவார். அடக்கியதும் இடுப்பு இறுகும். அதைத்தான் குதிரை உணரும். வாய்விட்டு ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தால் மூச்சு தானாக வெளியேறும். பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பாடு போதும். பின்னர் சவாரியிலும் அதையே சொல்லுங்கள். அந்த ராகம் கேட்டால் ஒன்றும் நடக்காது என்று வேலனும் நாளடைவில் தெரிந்துகொள்வான். படுத்தால் அந்த விபத்தே கண்முன் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, மனநல ஆலோசனை கேளுங்கள். முறிந்த எலும்புக்கு மருத்துவம் பார்த்தது எவ்வளவு இயல்போ, இதுவும் அவ்வளவு இயல்பு.

வேலனுக்கு அதே மட்டையை மேய்ச்சல் திடலின் ஒரு மூலையில் போட்டு வைத்து, அவனுடைய புல்லைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சற்று அருகில் கொண்டுவாருங்கள். பிறகு உதவிக்கு வருபவர் முப்பது அடி தள்ளி மட்டையை இழுத்தபடி அவனைவிட்டு விலகிப் போகட்டும். நீங்கள் அவனைப் பிடித்துப் பின்தொடருங்கள். தன்னை நோக்கி வரும் பொருளுக்கு அஞ்சும் குதிரை, விலகிப் போகும் பொருளை முகர்ந்து பார்க்கத் துடிக்கும். தலை உயர்ந்து, காது அசையாமல் நிலைத்து, மூச்சு நின்றால், அவன் தாங்கக்கூடிய தொலைவைத் தாண்டிவிட்டீர்கள். நான்கு அடி பின்னால் வந்து, தலை தாழும்வரை சொறியுங்கள். இந்த இடத்தில்தான் உங்கள் அண்ணன் சொல்லும் பிரம்பு வரும். உங்கள் மேலுள்ள அக்கறையால்தான் அவர் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் குவியலைப் பார்த்து அஞ்சி நிற்கும் குதிரையை அடித்தால், குவியல் இருக்கும் இடத்தில் வலியும் இருக்கிறது என்று அது முடிவு செய்யும். ஒரு பயத்தோடு வந்தவனை இரண்டு பயத்தோடு அனுப்புவோம். அண்ணனை வேண்டுமானால் மட்டையை இழுக்கச் சொல்லுங்கள். அந்த உதவி உங்களுக்கு உண்மையிலேயே தேவை.

தோட்டத்துக்குள் போகும் நாள் வரும்போது, முதல் சில தடவை கயிற்றில் நடத்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் குலை வெட்டுகிறார்கள், எங்கே மருந்து அடிக்கிறார்கள் என்று முதல் நாளே தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் கேட்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். மருந்து அடித்த ஓரப் புல்லை மேயவிடவும் கூடாது. உங்களை வீழ்த்திய அந்த இடத்தைத் திரும்பும் எல்லையாக வைத்துக்கொள்ளாமல், அதற்கு வெகு முன்னரே, இருவரும் அமைதியாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். போகும்போது பார்த்த குவியல் வரும்போது மறுபக்கமாகத் தெரியும். அவன் புதிதாகப் பார்ப்பதைப்போல் நின்றால் வியக்காதீர்கள், நேரம் கொடுங்கள். தலைக்கவசமும் மார்புக் காப்பும் இல்லாமல் ஏற வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். கைப்பேசி சேணப் பையில் இல்லாமல் உங்கள் உடலில் இருக்கட்டும்.

பழைய குதிரையைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தீர்கள். விடைபெறாமல் அவள் போய்விட்டாள் என்பது எனக்கு அந்த வரியில் கேட்டது. ஒன்பது ஆண்டுகளில் அவளும் நீங்களும் அறிந்துகொண்டதை மூன்று மாதத்து வேலனிடம் தேடுவது இயல்புதான், ஆனால் அவனுக்கு அது நியாயமாகாது. அவனும் தன் சைஸையும் தன் லாயத்தையும் பக்கத்துக் கொட்டிலில் நின்ற குதிரையையும் விட்டு வந்தவன். முடிந்தால் அவளை வாங்கியவர்களிடம் கேட்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எப்போது விற்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கத் தொடங்கினால், கட்டுக்கடங்காமல் ஓடுவது மீண்டும் மீண்டும் நடந்தால், தீராத வலி இருப்பதாக மருத்துவர் சொன்னால், அல்லது இந்த வேலைகளையெல்லாம் செய்த பிறகும் லாயத்துக்குப் போக வேண்டிய காலையில் உங்கள் வயிறு கலங்கினால், நீங்கள் அவன்மேல் ஏற வேண்டியதில்லை. அவனை உள்ளபடி அறிந்த, பந்தயக் குதிரைகளைப் பழக்கத் தெரிந்த ஒருவரிடம், எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இந்த வாரம் மருத்துவரை அழையுங்கள். படிமேடையைச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு எடைக் கருவிகளின் எண்களைக் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த எண்களை மறுபடி எடுத்து, மேடை அருகே வேலன் எத்தனை எண்ணும்வரை நின்றான் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அவன்மேல் அமர்ந்திருக்கும் நிலையில் யாரையாவது நேர் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி அதையும் அனுப்புங்கள். உங்கள் இடுப்பும் அவனுடைய வாலும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.